மேல்விளக்கு

வேலந்துறை,
ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஞானரூபனுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் தக்சாயினியும் பிள்ளை ஆரபியும் அங்கே நல்ல சுகத்தோடு இருக்க எங்கள் பிள்ளையார் அருள் செய்யட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்ற சொல்லை அதற்குப் பிறகு எழுத இரண்டு தரம் முயன்றேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நீ "அக்கா" என்று தொடங்கியதும் நான் அழுதுவிடுகிறேன். பிறகு நீயும் அழ, சொல்ல வந்தது அப்படியே கிடக்கிறது. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் உங்கள் சங்கத்துக் குறூப்பும் எங்கள் சங்கத்துக் குறூப்பும் இருக்கிற இருப்பில், நான் மூக்குச் சிந்தினாலும் விடியுமுன்னம் பத்துப் பேருக்குப் போய்விடும். செத்தவீட்டன்று நான் ஏசியதை யாரோ முன்னும் பின்னும் வெட்டி, உதயகலா தான் பிறந்த ஊரிமுனையைத் திட்டினாள் என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் ஏசியது யாரை என்று கீழே எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து றொசாந்தி ரீச்சர் வெள்ளிக்கிழமை ஸ்காபரோவில் இருக்கும் மகளிடம் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நல்ல மனுசி, பிரித்துப் பார்க்கமாட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் பெயரில் நீ கட்டிய வரவேற்பு வளைவின் உச்சியில் ஒரு வெள்ளை லைற் எரிகிறதே, அதை அணைக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் கேட்டால், அக்காவும் புருசன் ஊர்க்காரியாகிவிட்டாள் என்று நினைப்பாய். ஆகவே உனக்கு மறைத்து வைத்திருக்கிற ஒன்றைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அத்தான் வேண்டாம் என்கிறார். "சொல்லாதை கலா, அவன் தாங்கமாட்டான்" என்று நேற்றும் சொன்னார். எனக்கும் தெரியும் நீ தாங்கமாட்டாய் என்று. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்றுத் தீபாவளி. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஊரிமுனைச் சின்னம்மா பயத்தம் பணியாரமும் வடையும் சுட்டு வேலிக்கு மேலால் தந்தார். படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. அத்தான் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு நாய்க்குப் போட்டார். அவருடைய இடது கைக் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மற்றப்படி உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்கிறார்.

உனக்குத் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ பதினாறு வயதில் கனடாவுக்குப் போகும்போது எங்கள் ஊரிமுனைக்கும் அத்தானின் வேலந்துறைக்கும் நடுவில் இருந்தது ஒரு வண்டி போகிற அகலத்தில் வெறும் ஒழுங்கை. அப்பா எனக்குச் சீதனக் காணியை ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் வாங்கி வீடு கட்டியபோது, "பிள்ளை கூப்பிடு தூரத்திலை இருக்கட்டும்" என்றுதான் சொன்னார். வேறு ஊரில் கட்டிக் கொடுக்கிறேன் என்று அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. சண்டை முடிந்து எல்லாரும் திரும்பி வந்தபோது எல்லைக்கல் ஒன்றையும் காணவில்லை. தேடவும் ஒருவரும் போகவில்லை. கடற்கரையில் ஒழுங்கை முடிகிற இடத்தில் மீன் ஏலம் போட மண்டபம் வரப்போகிறது என்று கதை கிளம்பியதும்தான் எல்லாருக்கும் எல்லை ஞாபகம் வந்தது. மண்டபத்துக்கு எந்த ஊர்ப் பெயர்? ஒருநாள் ஊரிமுனைப் பலகை நட்டார்கள், விடிந்து பார்த்தால் அதில் கரி ஒயில். பிறகு வேலந்துறைப் பலகை, அது யாரோ வீட்டுக் கிணற்றுக்குள். உதைபந்தாட்டத்தில் பெடியள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊரும் கலியாண அழைப்பிதழை வேலிக்கு மேலால் நீட்டத் தொடங்கின. அங்கே நீங்கள் மட்டும் குறைவா? இரண்டு சங்கமாகி, ஒரே நாளில் இரண்டு ஒன்றுகூடல் வைத்து, பனிக்குள் நின்றுகொண்டு இங்கத்தைய மணல் ஒழுங்கைக்கு அடிபட்டீர்கள். மண்டபம் இன்றைக்கும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வளைவு வந்தது. வடிவான வளைவு, குறை சொல்லமாட்டேன். அதன் ஒரு கால் என் வேலியோடு நிற்கிறது. அதைத் தாண்டினால் ஊரிமுனை உங்களை வரவேற்கிறது என்று எழுதியிருக்கிறது, அப்படியென்றால் என் படலை ஊரிமுனைக்கு வெளியே. "என்னை வெளியிலை விட்டிட்டாய் தம்பி" என்று திறப்புவிழா அன்று உனக்குச் சொன்னேன். பகிடி என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மேலே கலசத்துக்குள் இருந்த லைற்றைக் காட்டி, "கரண்ட் போனாலும் இது நூராது அக்கா, எரிஞ்சுகொண்டே இருக்கும், சோலர்" என்றாய். என் பிள்ளை பிரவீணன்தான் உனக்குப் பின்னால் நின்று படம் எடுத்தான். மாமா போட்டிருக்கிற சேட் நல்லாயிருக்கு, எனக்கும் அப்படி ஒன்று அனுப்பச் சொல்லுங்கோ என்று அன்றிரவு முழுக்கக் கரைச்சல். அப்பாவின் பெயரை வெளிச்சத்தில் பார்த்து நான் அழுதேன். பெருமையில்தான் அழுதேன், பொய் சொல்லக்கூடாது.

தம்பி, இதற்கு மேல் வாசிக்க முன்னம் தக்சாயினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்து. அவள் வேலைக்குப் போயிருந்தால் வரும்வரைக்கும் கடிதத்தை மடித்து வை. அக்கா சொல்வதைக் கேள்.

நீ கடலுக்குப் போகாதவன். அப்பா உன்னைப் படகில் ஏறவே விடவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். எங்கள் கரைக்கு முன்னால் நீளத்துக்குக் கற்பார், தண்ணீருக்குள் மறைந்த கல்திட்டு, கிடக்கிறது. படகுகள் வந்துபோக அதில் ஓர் இடத்தில்தான் வாய்க்கால் மாதிரி வெட்டி விட்டிருக்கிறது. வான் என்று சொல்வோம். இரண்டு ஊருக்கும் அந்த ஒரு வான்தான். இருட்டில் அதற்குள் நுழைய இரண்டு விளக்குப் பார்த்து வருவார்கள். கீழ்விளக்கு வேலந்துறைக் கரையில் கம்பத்தில் இருக்கிறது. மேல்விளக்கு ஊரிமுனைப் பிள்ளையார் கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருக்கிறது. கடலில் இருந்து பார்க்க ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக நின்றால் படகு வானுக்குள் வருகிறது என்று அர்த்தம். கொஞ்சம் விலகினாலும் கல். எந்த ஊர்க்காரனும் மற்ற ஊர் விளக்கு இல்லாமல் கரைக்கு வர ஏலாது. பலகைக்கும் பெயருக்கும் அடிபட்ட காலத்திலும் இரண்டு பக்கமும் விளக்கை மட்டும் ஒழுங்காகக் கொளுத்தினார்கள்.

வளைவு லைற் வந்த நாளில் இருந்தே எங்கள் பக்கத்து ஆட்கள் அது கண்ணைக் குழப்புகிறது, வெளிச்சத்தைக் குறையுங்கோ என்று கேட்டார்கள். ஊரிமுனைப் பெடியள் அதைப் பொறாமை என்று எடுத்தார்கள். கோயில் விளக்கும் தெரிகிறபடியால் பெரிய பாதகம் நடக்கவில்லை, இரண்டையும் பிரித்துப் பார்த்து வந்து பழகிவிட்டார்கள்.

அன்றைக்கு விடியப்புறம் இடிமழை. கரண்ட் போய்விட்டது. கோயில் விளக்கும் போய்விட்டது. கீழ்விளக்கு பற்றரியில் எரிகிறது, அது அணையாமல் நின்றது. அதற்கு மேலே தெரிந்தது ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம். நீ சொன்னபடியே அது நூரவில்லை, தம்பி.

அத்தான் எஞ்சினில் இருந்திருக்கிறார். பிரவீணன் படகின் முன்புறம், அணியத்தில் நின்று விளக்குப் பார்த்திருக்கிறான். மழைக்குள் அத்தானுக்குக் கண் பிடிக்கவில்லை. "மேல்விளக்குத் தெரியுதோ" என்று கேட்டிருக்கிறார். "ஓம் அப்பா, வடிவாய்த் தெரியுது. ரெண்டும் நேராய் நிக்குது, விடுங்கோ" என்று பிள்ளை சொல்லியிருக்கிறான். அத்தான் எஞ்சின் வேகத்தைக் கூட்டிவிட்டார். படகு நேரே பாரில் ஏறியது.

எஞ்சின் நின்றுபோய் அலை அடித்தது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. அத்தானுக்கு இப்போது வேறு கதை கிடையாது. சாப்பிட இருந்தாலும், கிணற்றடியில் நின்றாலும், "ரெண்டும் நேராய் நிக்குது எண்டான், நான் கூட்டினன்" என்று அதையேதான் சொல்கிறார். நான் என்ன சொல்லித் தேற்ற? பிள்ளை கண்டதைத்தான் சொன்னான். அவர் பிள்ளை சொன்னதைத்தான் கேட்டார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது யார் என்று நினைக்கிறாய்? ஊரிமுனைக்காரர்தான். இங்கத்தைய ஊரிமுனைச் சங்கத் தலைவர் சீவரத்தினம் அண்ணை, இந்த வயதில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாரில் இறங்கினார். கால் முழுக்கக் கல் கிழித்துவிட்டது. அத்தானை இரண்டு பேர் தூக்கி வர, பிரவீணனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். கரையில் கிடத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை, சூடு இருக்குது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுவம்" என்றார். சூடு இருக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

நீ செத்தவீட்டை நேரலையில் பார்த்துவிட்டு, எங்கடை ஆக்கள் ஏன் ஒழுங்கைக்கு அங்காலை நிக்கினம் என்று கேட்டாயாம். வேலந்துறைப் பெடியள் ஒழுங்கைக்குக் குறுக்கே வலைக்கயிறு கட்டிவிட்டார்கள். லைற்றைப் போட்டுப் பெடியனைக் கொன்றவங்கள் உள்ளுக்கு வரக்கூடாதாம். சின்னம்மா வாய்க்கரிசியைக் கையில் பொத்திக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். சீவரத்தினம் அண்ணை காலில் சீலைக் கட்டோடு வளைவுக்குக் கீழே நின்றார். நான் பிரேதத்தை விட்டுவிட்டு ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். "நான் ஆர் எண்டு நினைச்சியள்? நானும் ஊரிமுனைதான், என்னையும் கட்டி அங்காலை விடுங்கோ" என்று வேலந்துறைப் பெடியளைத்தான் ஏசினேன். உங்கள் குறூப்பில் ஓடியது அந்த ஏச்சுத்தான். பெடியள் கயிற்றை அவிழ்த்தார்கள். ஆனால் சின்னம்மா வரவில்லை. "நான் வந்தால் அடிபாடு வரும் பிள்ளை. பிரேதம் கிடக்கேக்கை வேண்டாம்" என்று சொல்லி அரிசியை என் கையில் தந்தார். என் பிள்ளைக்கு நான் என் பங்கும் போட்டேன், பிறந்தவீட்டுப் பங்கும் போட்டேன். அவனைத் தூக்கி வளர்த்தவர் ஒழுங்கையில் நின்று பார்த்தார். எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு நாள் வரக்கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் உனக்கு வெறுத்துப்போகும். வேலந்துறை விளையாட்டுக் கழகம் பிரவீணனின் படத்தைப் பெரிதாக அடித்து, வேலந்துறை மண்ணின் மைந்தன் என்று கட்டியது. இரண்டு நாளில் வளைவில் ஒரு கண்ணீர் அஞ்சலி, ஊரிமுனையின் அன்புப் பேரன் என்று. உயிரோடு இருந்தபோது அவனை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை. இங்கே அவனுக்கு ஊரிமுனையான் என்று பட்டம், அங்கே போனால் வேலந்துறையான். பந்தடிக்கப் போய் எந்தப் பக்கமும் விளையாட விடாமல் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிவிட்டு வந்து எனக்குச் சொல்லிச் சிரிப்பான். இப்போது மட்டும் எல்லாருக்கும் பிள்ளை. இரண்டு படத்தையும் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். வேலந்துறைக்காரர் தந்தார்கள். ஊரிமுனைக்காரர், கனடாவில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

நீ அத்தானிடம், ஒழுங்கை முனையில் பிரவீணன் பெயரில் மண்டபம் கட்டித் தருகிறேன் என்று சொன்னாயாம். உன் மனம் எனக்குத் தெரியும். வேண்டாம் தம்பி. அப்பாவின் பெயரை எல்லைக்குக் காவல் வைத்தது போதும். என் பிள்ளையையும் கொண்டு போய் அதில் நிறுத்தாதே.

லைற்றை அணைக்கச் சொல்லிச் செத்தவீட்டுக்குப் பிறகும் கேட்டார்கள். ஊரிமுனைப் பெடியள் ஒத்துக்கொள்ளவில்லை. "உவங்கள் சொல்லி நாங்கள் நூர்க்கிறதோ? நூர்த்தால் கொலைப்பழியை ஏற்ற மாதிரி. இண்டைக்கு லைற்றெண்டுவாங்கள், நாளைக்கு வளைவைக் கழட்டெண்டுவாங்கள்" என்று கூட்டத்தில் எழும்பி நின்று கத்தினார்களாம். கோயில் விளக்குக்கும் பற்றரி வைப்போம் என்று சீவரத்தினம் அண்ணை சொல்ல, அப்படி வைத்தால் அதுவும் பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். இப்படி ஒரு நியாயம். அவர் என்னிடம் வந்து, "பிள்ளை, என்ரை சொல்லு எடுபடேல்லை. கட்டித் தந்தவன் சொன்னால் ஒருத்தரும் மூச்சுக் காட்டமாட்டாங்கள்" என்றார். உனக்குச் சொல்லத்தான் அவருக்கு நா எழவில்லை. அவருக்கும் உன்னில் பாசம்.

ஒருநாள் பொழுதுபட்ட பிறகு நானே கல்லெடுத்துக்கொண்டு போனேன். சிரிக்காதே. என் குசினிச் சுவரில், படுக்கிற அறையில், அவனுடைய கட்டிலில், எங்கே பார்த்தாலும் அந்த வெளிச்சம். யன்னலுக்குச் சீலை தொங்கவிட்டால் சீலைக்கு மேலால் வருகிறது. வளைவுக்குக் கீழே நின்று கையை ஓங்கினேன். மேலே தில்லைநாதன் என்று அப்பாவின் பெயர். கை அப்படியே நின்றுவிட்டது. சீவரத்தினம் அண்ணை கோயிலால் வந்தவர் என்னைக் கண்டுவிட்டு, "எறி பிள்ளை. நான் காணேல்லை எண்டு சொல்லுவன்" என்றார். எறிந்திருப்பேன். ஆனால் நான்தான் எறிந்தேன் என்று யார் நம்பப்போகிறார்கள்? வேலந்துறையான் உடைத்தான் என்று அடுத்தநாள் இரண்டு ஊரும் வெட்டுப்படும். இன்னொருத்தியின் பிள்ளை போகும். கல்லைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. சில நேரம் உன்னில், சில நேரம் அத்தானில், சில நேரம் இந்த ஒழுங்கைக் கரையில் எனக்கு வீடு கட்டிய அப்பாவில். அடுத்த நிமிடமே, இந்தக் கடிதத்தை நீ வாசிக்கிற நேரம் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பேனையைக் கீழே வைத்துவிடுகிறேன். நீ அப்பாவுக்காகக் கட்டினாய். யாரையும் விழுத்தக் கட்டவில்லை. இதை நான் தெரிந்துதான் எழுதுகிறேன், சமாதானத்துக்கு எழுதவில்லை.

இப்போது எங்கள் படகுகள் விடிந்து வெளிக்கும்வரை பாருக்கு வெளியே கிடந்துவிட்டுத்தான் வருகின்றன. ஊரிமுனைப் படகுகளும் அப்படித்தான், வெட்கத்தில் சொல்கிறார்களில்லை. வாடைக்காற்றுப் பெயர்ந்தால் வெளியே கிடக்க ஏலாது, கடல் அடித்துக் கொண்டுவந்து பாரில் போடும். அந்தக் காற்றுக்கு இன்னும் அதிக நாள் இல்லை. அத்தான் கைக்காயம் ஆறியதும் தொழிலுக்குப் போகப்போகிறார். வேண்டாம் என்றேன். "வீட்டிலை இருந்தால் அவன்ரை குரல் கேக்குது" என்கிறார். அணியத்தில் நிற்க ஆள் தேடுகிறார். ஒரு ஊரிமுனைப் பெடியன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம், சங்கத்துக்குத் தெரியாமல். இனி அவனும் விளக்குப் பார்த்துச் சொல்லுவான். இவரும் அதைக் கேட்டு எஞ்சினைக் கூட்டுவார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போகும்போது நீ நிற்க வேண்டும் என்று அத்தான் ஆசைப்படுகிறார். லீவு கிடைத்தால் வா. வந்து என் வீட்டில் இறங்கு. எந்த ஊரில் இறங்கினான் என்று கதைக்கிறவர்கள் கதைக்கட்டும். வந்து என் காலில் விழுகிற எண்ணம் ஏதும் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வா. நீ மன்னிப்புக் கேட்டால் நான் ஓம் என்றோ இல்லை என்றோ ஏதாவது சொல்ல வேண்டி வரும். இரண்டையும் சொல்ல எனக்குப் பலமில்லை. பக்கத்தில் இரு, அது போதும்.

தக்சாயினிக்கு என் அன்பு. மச்சாள், இவனைத் தனிய விடாதையுங்கோ. ஆரபிக்கு இந்தக் கதை ஒன்றும் இப்போது சொல்லவேண்டாம். மாமி கொஞ்சினதாகச் சொல். அவள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல், நீண்ட காலம் உங்கள் கண்முன்னே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அதைத்தான் கும்பிடுகிறேன். பிள்ளையார் உன்னைக் கைவிடமாட்டார். நானும் விடமாட்டேன்.

அழுது முடித்துவிட்டுச் சீவரத்தினம் அண்ணைக்குப் போன் எடு. அக்கா கேட்டாள் என்று சொல்லாதே, வேலந்துறை கேட்டது என்றும் சொல்லாதே. நான் கட்டினது, நான் சொல்கிறேன், நூர்த்துவிடுங்கோ என்று மட்டும் சொல். அங்கே எத்தனை மணியாக இருந்தாலும் பார்க்காதே, ராசா. இங்கே பொழுதுபட முன்னம் எடு.

இப்படிக்கு,
உன்னை மறவாத அக்கா,
அ. உதயகலா